ஜூனிபர் மர வில்

ஜூனிபர் மர வில் என்பது வட அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் வாழும் தொல்குடி மக்கள் ஜூனிபர் மரத்தின் வெளிப்புறக் கட்டையிலிருந்து செய்த குட்டையான, தட்டையான வில் ஆகும். இவ்வில்லின் முதுகில் மானின் தசைநாண் இழைகள் பசை கொண்டு ஒட்டப்பட்டிருக்கும். இன்றைய நெவாடா மாநிலத்தில் வாழும் வடக்குப் பையூட், வாஷோ, ஷோஷோனி மக்களின் நிலப்பரப்பிலும், கலிபோர்னியாவின் யாஹி மக்களிடத்திலும் ஜூனிபர் வில் செய்யப்பட்ட சான்றுகள் கிடைத்துள்ளன.

வில் செய்வதற்கு ஜூனிபர் எளிதில் எவரும் தேர்ந்தெடுக்கும் மரம் அன்று. அது மென்மையானது, முறுக்கிக்கொண்டு வளர்வது, அளவுக்கு மீறி வளைத்தால் முதுகுப் பக்கத்தில் சட்டென்று முறிவது. இக்குறைகளை வில்லின் வடிவத்தாலும், தசைநாண் பூச்சாலும், தண்டைத் தேர்ந்தெடுக்கும் முறையாலும் அம்மக்கள் ஈடுசெய்தனர். நெவாடாவில் மரத்தை வீழ்த்தாமல், நின்றுகொண்டிருக்கும் மரத்தின் உடலிலிருந்து ஒரு தண்டை மட்டும் பிரித்தெடுத்தனர் என்பது இக்கலையின் சிறப்பாகும்.

மரமும் நிலமும்

சியரா நெவாடா மலைத்தொடருக்கும் வாசாட்ச் மலைத்தொடருக்கும் இடையே உள்ள பெரும் வடிநிலம் மழைமறைவுப் பகுதி ஆகும். அங்கு ஓடும் ஆறுகள் கடலைச் சேர்வதில்லை. உப்பு ஏரிகளிலும் சேற்று நிலங்களிலும் முடிந்துவிடுகின்றன. வில்லுக்குப் பெயர்பெற்ற யூ மரமோ ஓசேஜ் ஆரஞ்சு மரமோ இந்த வறண்ட மேட்டுநிலத்தில் கிடைப்பதில்லை. மலைச்சரிவுகளில் பினியான் எனப்படும் குட்டைப் பைன் மரங்களும் ஜூனிபர் மரங்களுமே பரந்து வளர்கின்றன.

இப்பகுதியில் யூட்டா ஜூனிபர், மேற்கு ஜூனிபர் ஆகிய இனங்கள் காணப்படுகின்றன. யூட்டா ஜூனிபர் பெரும்பாலும் 3 முதல் 6 மீட்டர் உயரமே வளரும். நீர் குறைந்த நிலத்தில் மிக மெதுவாக வளர்வதால் அதன் ஆண்டு வளையங்கள் நெருக்கமாக அமைகின்றன. பல நூறு ஆண்டுகள் வாழும் மரங்களும் உள்ளன. மரத்தின் உட்பகுதியான வைரம் செம்பழுப்பு நிறமும் நறுமணமும் கொண்டது. அதைச் சுற்றியுள்ள வெளிறு வெண்மையானது.

இம்மரத்தின் அடித்தண்டு பெரும்பாலும் பல கிளைகளாகப் பிரிந்து, கணுக்கள் நிறைந்து, கயிறு திரித்தாற்போல் முறுக்கிக்கொண்டு இருக்கும். வில்லுக்குத் தேவையான ஒரு மீட்டருக்கும் சற்றுக் கூடுதலான நீளத்தில் கணுவோ முறுக்கோ இல்லாத பகுதியைக் காண்பது அரிது. ஒரு மலைச்சரிவில் ஆயிரக்கணக்கான ஜூனிபர் மரங்கள் நின்றாலும், அவற்றுள் வில்லுக்கு உதவுபவை மிகச் சிலவே.

மரத்தின் குறையும் வில்லின் வடிவமும்

வில்லை வளைக்கும்போது அதன் இரு பக்கங்களிலும் எதிரெதிரான விசைகள் செயல்படுகின்றன. எய்பவருக்கு அப்பால் உள்ள வெளிப்பக்கம் முதுகு எனப்படும், அது இழுக்கப்படுகிறது. எய்பவரை நோக்கிய உட்பக்கம் வயிறு எனப்படும், அது நெருக்கப்படுகிறது. நல்ல வில் மரம் இரண்டையும் தாங்க வேண்டும்.

ஜூனிபர் நெருக்கத்தை ஓரளவு நன்றாகத் தாங்கும். இழுவையைத் தாங்குவதில் பின்தங்கியது. ஆகவே ஜூனிபரில் செய்த வெறும் மரவில்லை மிகுதியாக இழுத்தால், முதுகில் ஒரு நார் அறுந்து, அந்தப் பிளவு விரைந்து பரவி வில் இரண்டாகிவிடும். கணுவைச் சுற்றியோ, நார் ஓட்டம் முதுகின் ஓரத்தை நோக்கி வெளியேறும் இடத்திலோதான் இம்முறிவு பெரும்பாலும் தொடங்கும்.

இதற்கு இரண்டு தீர்வுகள் கையாளப்பட்டன. முதலாவது, வில்லை அகலமாகவும் மெல்லியதாகவும் செதுக்குவது. ஒரு கட்டையின் அகலம் இருமடங்கானால் அதன் விறைப்பு இருமடங்காகும். ஆனால் தடிமன் இருமடங்கானால் விறைப்பு எட்டு மடங்காகும். தடிமன் குறைந்த கட்டை அதே அளவு வளையும்போது அதன் மேற்பரப்பு குறைவாகவே நீள்கிறது. எனவே மென்மையான மரத்தில் தடிமனைக் குறைத்து, இழந்த வலுவை அகலத்தால் மீட்பது பொருத்தமாகும்.

இரண்டாவது, இழுவையைத் தாங்கும் வேலையை மரத்திடமிருந்து எடுத்து வேறொரு பொருளிடம் ஒப்படைப்பது. விலங்கின் தசைநாண் அறுபடாமல் மரத்தை விடப் பல மடங்கு நீளக்கூடியது. அதை முதுகில் ஒட்டினால் இழுவையின் பெரும்பகுதியை அது ஏற்கிறது. மரம் தனக்கு இயல்பான நெருக்கத்தைத் தாங்குகிறது.

நிற்கும் மரத்திலிருந்து தண்டு எடுத்தல்

மேற்கு நெவாடாவில் நெடுகப் பட்டை உரிந்து, நேரான விளிம்புகளுடன் தழும்பேறிய பழைய ஜூனிபர் மரங்கள் உள்ளன. கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் ரிவர்சைடு வளாகத்தைச் சேர்ந்த தொல்லியலாளர் பிலிப் வில்க்கி இம்மரங்களை ஆராய்ந்து 1988இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். இத்தழும்புகள் வில்தண்டு எடுக்கப்பட்ட இடங்கள் என்று அதில் அவர் விளக்கினார்.

தண்டு எடுக்கும் முறை பின்வருமாறு அமைந்தது. கணுவும் முறுக்கும் இல்லாத நேரான பகுதி முதலில் தேர்ந்தெடுக்கப்பட்டது. தேவையான நீளத்திற்கு மேலும் கீழும் குறுக்கு வெட்டுகள் இடப்பட்டன. இவ்வெட்டுகளால் இடைப்பட்ட கட்டைக்குச் செல்லும் நீரோட்டம் தடைபடும். அக்கட்டை மரத்தோடு ஒட்டியபடியே மெல்ல உலரும். பிறகு நார் ஓட்டத்தின் வழியே அதைப் பிளந்து எடுத்தனர். முற்காலத்தில் வெட்டுவதற்குக் கல் கருவிகள் பயன்பட்டன. ஐரோப்பியக் குடியேறிகளின் வருகைக்குப் பின் உலோகக் கருவிகளும் பயன்பட்டன.

மரத்திலேயே உலர விடுவதில் ஒரு நன்மை உண்டு. வெட்டியெடுத்த பச்சைக் கட்டையை வெயிலிலோ காற்றிலோ போட்டால் வெளிப்பகுதி விரைந்து சுருங்கி, வெடிப்பு விழும். கட்டை கோணியும் போகும். மரத்தோடு இணைந்திருக்கும் கட்டை கோண முடியாது. பின்புறம் முழுதும் தாய்மரத்தால் பிடிக்கப்பட்டிருப்பதால், அது இயற்கையான அச்சில் வைத்து உலர்த்தியது போலாகும்.

பிளந்து எடுப்பதற்கும் காரணம் உண்டு. ரம்பம் நார்களைக் குறுக்கே அறுத்துச் செல்லும். பிளவு நார்களின் வழியே மட்டுமே ஓடும். பிளந்த தண்டில் ஒவ்வொரு நாரும் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அறுபடாமல் இருக்கும். நார் முறுக்கியிருந்தால் தண்டும் முறுக்கிக்கொண்டு பிரியும். மரத்தின் குறை அப்போதே வெளிப்பட்டுவிடும்.

தண்டு எடுத்த இடம் மரத்திற்குப் புண்ணாகும். ஆனால் அடித்தண்டின் சுற்றளவில் ஒரு பட்டை மட்டுமே நீங்குவதால், மற்றப் பக்கங்களின் வழியே நீரும் உணவும் சென்று மரம் உயிர்வாழ்கிறது. புண்ணின் ஓரங்களிலிருந்து புதிய கட்டை வளர்கிறது. அது நேராக வளர்ந்தால் பல ஆண்டுகளுக்குப் பின் அதே மரத்திலிருந்து மீண்டும் தண்டு எடுக்கலாம். பலமுறை தண்டு கொடுத்த மரங்களும் வில்க்கியின் ஆய்வில் பதிவாகியுள்ளன. நேரான ஜூனிபர் அரிது என்பதால், அத்தகைய ஒரு மரத்தைக் கொல்லாமல் வைத்திருப்பது அடுத்த தலைமுறையின் வில்லையும் காப்பதாகும்.

செதுக்குதல்

பிளந்தெடுத்த தண்டில் பட்டைக்கு அடுத்திருந்த வெளிறுப் பகுதி வில்லின் முதுகாகவும், உட்புறம் வயிறாகவும் அமையும். முதுகில் பட்டையும் அதன் அடியிலுள்ள நார்ப்படலமும் மட்டும் நீக்கப்படும். ஆண்டு வளையத்தை அறுக்காமல் முதுகை விட்டுவிட்டு, வயிற்றுப் பக்கத்திலும் ஓரங்களிலும் செதுக்குவதே பொது விதி. கணு ஏதேனும் இருந்தால் அதைச் சுற்றிச் சற்றுக் கூடுதலான கட்டை விடப்படும்.

வில்லின் நடுவில் கைப்பிடி குறுகலாகவும் தடிப்பாகவும் இருக்கும். அதன் இருபுறமும் உள்ள வளையும் பகுதிகள் கரங்கள் எனலாம். கரங்கள் நடுவில் அகன்று, முனையை நோக்கிக் குறுகும். நாண் மாட்டும் இடமான குதை, முனைகளில் சிறு தோள்களுடன் வெட்டப்படும். முனைகளை எய்பவருக்கு அப்பால் மெல்ல மடக்க வேண்டுமானால், கட்டையைச் சூடாக்கி வளைத்து, ஆறும்வரை கட்டிவைப்பர். தொல்குடியினர் கல் கத்தியால் சுரண்டியும் மணற்கல்லில் தேய்த்தும் கட்டைக்கு வடிவம் கொடுத்தனர். இன்று இக்கலையைப் பயில்வோர் வாச்சி, அரம், சுரண்டி ஆகியவற்றைப் பயன்படுத்துகின்றனர்.

வளைவைச் சமன்செய்தல்

வில் செய்யும் வேலையில் மிகுந்த பொறுமை தேவைப்படும் கட்டம் இது. இரு கரங்களும் ஒரே அளவாகவும், ஒவ்வொரு கரமும் நெடுகிலும் சீராகவும் வளைய வேண்டும். ஓரிடம் மட்டும் கூடுதலாக வளைந்தால் முழுச் சுமையும் அங்கே விழும். இதனைத் தவிர்க்க, வில்லைச் சிறிதளவு வளைத்துப் பார்த்து, விறைப்பான இடங்களில் வயிற்றுப் பக்கம் சுரண்டி, மீண்டும் வளைத்துப் பார்ப்பர். பலவீனமான இடத்தில் கட்டையைச் சேர்க்க முடியாது. மற்ற இடங்களைக் குறைத்தே சமன் காண முடியும்.

தடிமனில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் அவ்விடத்தின் விறைப்பில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். ஆகவே முடிவை நெருங்கும்போது வெட்டுக் கருவிகளை வைத்துவிட்டுச் சுரண்டுவதே வழக்கம். ஈரம் போகாத கட்டையை வளைத்தால் அது நிலையாகக் கூனிவிடும். அளவுக்கு மீறி நெருக்கப்பட்ட வயிற்றில் குறுக்கே மெல்லிய நெரிவுக் கோடுகள் தோன்றும். தசைநாண் ஒட்டுவதற்கு முன் வில்லைச் சிறிதளவே வளைத்துச் சமன் பார்க்க வேண்டும். முழு இழுப்பு ஒட்டியது நன்கு உலர்ந்த பின்னரே.

தசைநாண் ஒட்டுதல்

மானின் கால்களிலும் முதுகெலும்பின் இருபுறமும் உள்ள நீண்ட தசைநாண்கள் இதற்கு எடுக்கப்படும். உலர்ந்த தசைநாணைத் தட்டினால் அது வெண்மையான மெல்லிய இழைகளாகப் பிரியும். பசைக்கு விலங்கின் தோலையோ மீன் தோலையோ நீரில் காய்ச்சுவர். தச்சர்கள் பயன்படுத்தும் வஜ்ஜிரப் பசையும் இவ்வகையைச் சேர்ந்ததே.

ஜூனிபர் கட்டையில் இயற்கையான எண்ணெய்ப்பசை உண்டு. எண்ணெய் இருக்கும் பரப்பில் பசை பற்றாது. ஆகையால் முதுகைச் சொரசொரப்பாக்கி, எண்ணெய் போக்கி, மெல்லிய பசையைப் பூசி உலர விட வேண்டும். பிறகு பசையில் தோய்த்த இழைக்கற்றைகளை வில்லின் நீளவாக்கில் ஒன்றன்மேல் ஒன்று முனை தழுவுமாறு, செங்கல் அடுக்குவதுபோல் மாற்றி மாற்றி அடுக்குவர். முனைகளில் இழைகள் குதையைச் சுற்றிக் கட்டப்படும்.

உலரும்போது தசைநாண் சுருங்கி வில்லின் முனைகளை முதுகுப் பக்கமாக இழுக்கும். நாண் ஏற்றாத நிலையில் வில் எதிர்ப்புறம் வளைந்து நிற்பதற்கு இதுவே காரணம். இதனால் நாண் ஏற்றும்போதே வில்லில் ஆற்றல் சேர்கிறது. உலர்வதற்குப் பல வாரங்கள் ஆகும். அவசரப்பட்டு வளைத்தால் இழைகள் கட்டையிலிருந்து பெயர்ந்துவிடும். தசைநாண் மரத்தை விடக் கனமானது. முனையில் கனம் கூடினால் அம்பின் வேகம் குறையும். எனவே முனையை நோக்கிப் பூச்சை மெலிதாக்குவது நல்லது.

இஷியின் வில்

ஜூனிபர் வில் செய்யப்பட்ட விதம் பற்றிய விரிவான நேரடிப் பதிவு இஷி என்ற யாஹி மனிதரின் வழியே கிடைத்துள்ளது. யாஹி மக்கள் லாசன் மலையின் அடிவாரத்தில் வாழ்ந்தனர். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் குடியேறிகள் நடத்திய படுகொலைகளில் அவர்களில் பெரும்பாலோர் மாண்டனர். எஞ்சிய சிலர் பல பத்தாண்டுகள் மலைக்குள் மறைந்து வாழ்ந்தனர். 1911 ஆகஸ்டில் ஓரோவில் நகருக்கு அருகே ஒரு மனிதர் தனியாக வெளிப்பட்டார். தன் பெயரை அவர் சொல்லவில்லை. யாஹி மொழியில் மனிதன் என்று பொருள்படும் இஷி என்ற பெயரை மானிடவியலாளர் ஆல்ஃபிரட் குரோபர் அவருக்கு இட்டார்.

சான் பிரான்சிஸ்கோவில் இருந்த பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் இஷி தங்கினார். அருகில் இருந்த மருத்துவக் கல்லூரியின் மருத்துவர் சாக்ஸ்டன் போப் அவரிடம் நட்புக் கொண்டு வில்வித்தை கற்றார். இஷி 1916 மார்ச்சில் காசநோயால் இறந்தார். அவரிடம் கற்றதை போப் 1918இல் யாஹி வில்வித்தை பற்றிய நூலாக வெளியிட்டார்.

இஷியின் வில் மலை ஜூனிபரால் ஆனது என்று போப் குறிப்பிடுகிறார். அதன் நீளம் சுமார் 107 செ.மீ. இஷி அதை அளவுகோலால் அளக்கவில்லை. பக்கவாட்டில் நீட்டிய கையிலிருந்து எதிர்ப்புற இடுப்பு வரை உள்ள தொலைவே அவருடைய அளவு. கரங்களின் அகலம் சுமார் 5 செ.மீ, தடிமன் சுமார் 1.3 செ.மீ. கட்டையை ஒரு கிளையிலிருந்து பிளந்து, வெளிறு உள்ளிட்ட வெளிப்பகுதியைப் பயன்படுத்தினார். சூடான கல்லின் மேல் முனைகளை வளைத்தார். சால்மன் மீன் தோலைக் காய்ச்சிப் பசை செய்தார். மான்கால் தசைநாணை வாயில் மென்று மென்மையாக்கி இழை பிரித்து ஒட்டினார். உலரும்வரை வில்லோப் பட்டையால் சுற்றிக் கட்டினார். நாணையும் தசைநாணிலிருந்தே திரித்தார். அந்த வில்லின் இழுவிசை சுமார் 20 கிலோகிராம்.

இவ்வளவுகள் தசைநாணின் பயனைக் காட்டுகின்றன. விறைத்த கைப்பிடி கொண்ட வெறும் மரவில், இழுக்கும் தூரத்தைப் போல் இருமடங்குக்கும் சற்றுக் கூடுதலான நீளம் இருக்க வேண்டும் என்பது வில் செய்வோரின் பொதுக் கணக்கு. அறுபத்தைந்து செ.மீ இழுக்க வேண்டுமானால் 130 செ.மீட்டருக்குக் குறையக் கூடாது. தசைநாண் ஒட்டிய வில் 107 செ.மீ நீளத்தில் ஏறத்தாழ அதே தூரம் இழுக்க இடம் தருகிறது. புதருக்குள் குந்தியிருந்து மானை எதிர்பார்க்கும் வேட்டைக்காரருக்கு இக்குட்டை நீளம் பெரிய உதவி.

பராமரிப்பும் குறைகளும்

ஈரம் இவ்வில்லின் முதற் பகை. வஜ்ஜிர வகைப் பசை நீரில் இளகும். தசைநாணும் ஈரம் ஏறினால் தளரும். மழைக்காலத்தில் வில் வலுவிழக்கும். வறண்ட பெரும் வடிநிலத்தில் இது பெரும் இடையூறு இல்லை; மழை மிகுந்த நிலங்களில் இவ்வில் நீடிக்காது. வில்லைத் தோல் உறையில் வைப்பதும், கொழுப்புப் பூசுவதும் பழைய பாதுகாப்பு முறைகள். இஷி தம் வில்லுக்கு மலைச்சிங்கத்தின் வால்தோலால் உறை வைத்திருந்தார்.

பயன்படுத்தாதபோது நாணை இறக்கிவிட வேண்டும். ஏற்றியபடியே வைத்தால் கட்டை கூனிவிடும். இஷி வில்லைச் சுவரில் சாய்த்து வைக்காமல் படுக்க வைப்பார் என்றும், குளிர்காலத்தில் நெருப்பில் காட்டிய பின்னரே நாண் ஏற்றுவார் என்றும் போப் எழுதியுள்ளார்.

யூ மரத்துடன் ஒப்பீடு

ஐரோப்பாவில் வில்லுக்குச் சிறந்ததாகக் கருதப்பட்டது யூ மரம். அதன் வெளிறு இழுவையையும் வைரம் நெருக்கத்தையும் இயல்பாகவே தாங்குவதால் தசைநாண் பூச்சுத் தேவையில்லை. ஆங்கிலேயரின் நெடுவில் அம்மரத்தால் ஆனது. போருக்காகப் பெருமளவில் வில் தேவைப்பட்டதால், இங்கிலாந்து பிற நாடுகளிலிருந்து யூ தண்டுகளை இறக்குமதி செய்தது. இங்கிலாந்துக்கு வரும் வணிகக் கப்பல்கள் சரக்குக்கு ஏற்பக் குறிப்பிட்ட எண்ணிக்கையில் வில்தண்டுகளையும் கொண்டுவர வேண்டும் என்று 1472இல் சட்டம் இயற்றப்பட்டது. மெதுவாக வளரும் யூ மரங்களை வீழ்த்தியே தண்டுகள் எடுக்கப்பட்டன. 16ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் பவேரியாவிலும் ஆஸ்திரியாவிலும் வில்லுக்கு ஏற்ற யூ மரங்கள் அரிதாகிவிட்டன.

இரண்டு நிலங்களின் தேவையும் மக்கள்தொகையும் வேறானவை. ஐரோப்பாவில் படைகளுக்கு ஆயிரக்கணக்கில் வில் வேண்டியிருந்தது. நெவாடாவில் வேட்டையாடும் சிறு குழுக்களுக்குச் சில வில்களே போதும். எனினும் எளிதில் உடையும் மரத்தை வைத்திருந்தவர்கள் அதை அழியாமல் பயன்படுத்தியதும், சிறந்த மரத்தை வைத்திருந்தவர்கள் அதைத் தீர்த்துவிட்டதும் கவனிக்கத்தக்கவை.

தழும்பு மரங்கள் இன்று

தண்டு எடுக்கப்பட்ட ஜூனிபர் மரங்கள் நெவாடாவின் மலைச்சரிவுகளில் இன்றும் நிற்கின்றன. மக்கள் தம் பயன்பாட்டிற்காக மாற்றியமைத்த இத்தகைய மரங்களைத் தொல்லியலாளர் பண்பாட்டுத் தடயங்களாகக் கருதுகின்றனர். மண்ணில் புதைந்த வில் மட்கிவிடுகிறது. அம்புமுனைக் கல் எஞ்சினாலும் அது வில்லைப் பற்றி அதிகம் சொல்வதில்லை. வில்லின் நீளம், அகலம், வெட்டிய கருவி ஆகியவற்றை மரத்தில் உள்ள தழும்பு காட்டுகிறது. எந்த மரத்தை எவ்வாறு தேர்ந்தனர் என்பதும் அந்த மரத்தைப் பார்த்தே விளங்கும்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய பத்தாண்டுகளில் மேய்ச்சல் நிலத்தைப் பெருக்க, இரண்டு இழுவை இயந்திரங்களுக்கு இடையே கனத்த சங்கிலியைக் கட்டி இழுத்துப் பினியான், ஜூனிபர் காடுகள் பரந்த அளவில் வேரோடு சாய்க்கப்பட்டன. காட்டுத்தீயும் விறகு வெட்டலும் இம்மரங்களுக்கு இன்றும் இடர் தருகின்றன. தழும்பை அறியாதவர் கண்ணுக்கு அது இடி விழுந்த வடுவாகவோ பட்ட மரமாகவோ தோன்றும். மேலும் கீழும் குறுக்கு வெட்டு, இடையே ஒரு மீட்டருக்குச் சற்று மேற்பட்ட நேரான பள்ளம், ஓரங்களில் மூடிவரும் புதிய கட்டை ஆகிய மூன்றும் சேர்ந்திருந்தால் அது வில் கொடுத்த மரமாக இருக்க வாய்ப்புண்டு.

இக்காலத்தில் ஜூனிபரில் வில் செய்ய விரும்புவோர் தழும்பு மரங்களைத் தொடாமல், உரிய இசைவு பெற்று வேறு மரத்திலிருந்தோ கிளையிலிருந்தோ தண்டு எடுப்பதே முறையாகும். தழும்பு மரத்திலிருந்து ஒரு தண்டு எடுத்தால் கிடைப்பது ஒரு வில் மட்டுமே; அழிவது, அந்த வில் எவ்வாறு பிறந்தது என்பதற்கு மலைமேல் எஞ்சியிருக்கும் சான்று.